பழைய இலக்கம்

வீட்டுப் பத்திரத்தோடு வந்தது
பழுப்பேறிய ஒரு தாள்.
இங்கே சோப்புக் காய்ச்சக் கூடாது,
செங்கல் சுடக் கூடாது,
பன்றி வளர்க்கக் கூடாது,
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறிலிருந்து.
"இவ்வளவு காசு கொடுத்தும்
ஒரு பன்றிக்கு வழியில்லை" என்றார் தவநேசன்.
கையெழுத்திட்டோம்.
இருபத்தைந்து வருடக் கடன்.

அந்தத் தாளில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.
சனிக்கிழமைகளில் லூயிஷம் ஆவணக் காப்பகம்.
பென்சிலுக்கு மட்டும் அனுமதி,
தண்ணீர்ப் போத்தல் வெளியே.
குடிசன மதிப்பேடுகளில்
முப்பத்தேழாம் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு
பத்துப் பத்து வருடமாக இறங்கினேன்.

ஆல்பிரட் பிளம்ரிட்ஜ்,
ட்ராம் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர்.
மனைவி ஹனா. பிள்ளைகள் ஐவர்.
கடைசிப் பெண் எடித், வயது மூன்று.
அடுத்த ஏட்டில்
பிள்ளைகள் நால்வர்.

பன்னிரண்டரைப் பவுண் கட்டி
இறப்புச் சான்றிதழ் எடுத்தேன்.
தொண்டை அடைப்பான், பெப்ரவரி.
இறந்த இடம்: எங்கள் முகவரி.

அன்றிலிருந்து
ஒன்பதாம் படி முனகினால் அது மரமில்லை.
சின்ன அறைக்குள் பெட்டிகளை அடுக்க
கை வரவில்லை.
இரவில் ரேடியேட்டர் இருமியது.
கார்த்திகை விளக்கீட்டுக்கு
வாசலில் ஒன்று வைத்தேன்,
குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று,
படிக்கட்டின் அடியில் ஒன்று.
"இது யாருக்கு?" என்றார் தவநேசன்.
"வீட்டுக்காரிக்கு."
புகை அலாரம் அடிக்கப் போகிறது
என்று மட்டும் சொன்னார்.
அடித்தது.

பங்குனியில் காப்பகத்து மோய்ரா டன்ஸ்டர்
கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தபடி
ஒரு வரைபடத்தை விரித்தாள்.
ஆயிரத்துத் தொளாயிரத்து ஏழில்
நகரசபை எங்கள் வீதியை
மறுமுனையிலிருந்து எண்ணத் தொடங்கியதாம்.
அவளுடைய விரல் வாசல் வாசலாக நடந்துபோய்
ரயில் பாலத்தருகே நின்றது.
உன் முப்பத்தேழு அங்கே.
நீ இருப்பது பழைய பதினொன்று.
ஸாரி என்றாள்,
செத்தவீட்டில் சொல்வதுபோல்.

பழைய பதினொன்றைப் புரட்டினேன்.
வரி ஏட்டில், ஆளில்லை.
மறுவருடம், ஆளில்லை.
மூன்றாம் வருடம் எழுதவும் அலுத்து
ஒரு கோடு.
பிறகு எட்வின் கார்விஸ்,
பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர்,
தனியாள், இருபத்தெட்டு வருடம்.
இறந்தது ஆஸ்பத்திரியில்.
அவர் விட்டுப்போன காகிதம் ஒன்றே ஒன்று:
அயல்வீட்டுச் சேவல் அரைச் சுருதி இறங்கிக் கூவுகிறது,
ஆவன செய்யவும் என்று
நகரசபைக்கு எழுதிய முறைப்பாடு.

மறுநாள் பாலத்தடிக்குப் போனேன்.
நாற்பத்துநான்கில் பறக்கும் குண்டு விழுந்ததில்
அந்தப் பக்கம் ஐந்து வீடுகள் இல்லை.
டயர்க் கடை.
எந்த இடத்தில் படி, எந்த இடத்தில் அறை,
ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே
எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.
"உங்கள் கார் எங்கே?" என்றான் பையன்.
கார் இல்லை என்றேன்.
அவனும் ஒன்றும் கேட்காமல்
ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.
கொஞ்சநேரம் இருந்துவிட்டு வந்தேன்.

எங்கள் பெயர்களும் ஒரு கணக்கில் இருக்கின்றன,
நூறு வருடத்துக்குப் பூட்டியபடி.
திறக்கிறவள்
தவநேசனை எழுத்துப்பிழையோடு வாசித்து,
நாங்கள் ஒருநாளும் ஏறாத யாரோ வீட்டுப் படியில்
எங்களுக்காக மூக்கைச் சிந்தட்டும்.
எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்பதாம் படி இப்போதும் முனகுகிறது.
போன கிழமை தவநேசன்
சுத்தியலோடும் ஆணியோடும் வந்தார்.
பொறுங்கள் என்றேன்.
அது எந்தச் சுருதி என்று
முதலில் யாரையாவது கேட்கவேண்டும்.